யாரையும் கேட்கத் தேவையில்லாத நிரல்

பெரட்டுக்குப் போகிற சத்தம் ஓய்ந்த பிறகு தோட்டத்து வரிசை வீடுகளான அந்த லயத்தில் மிஞ்சுகிறவள் ஜொய்சி ஒருத்திதான். றப்பர் பால்வெட்டுக்காரர்கள் இருட்டு விலகும் முன்பே கத்தியும் வாளியுமாக இறங்கிப்போய், கீழே பால் ஸ்டோருக்குப் பக்கத்திலுள்ள பெரட்டுக்களத்தில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுத்துவிடுவார்கள். அவர்களுக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அதற்கும் பின்னால், தெஹியோவிட்ட சந்திக்கு ஓடி அவிசாவளை பஸ்ஸைப் பிடித்துத் தையல் வேலைக்குப் போகிற பெண்கள். கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். பொதுப் பீலியின் குழாயில் தண்ணீர் யாருக்கும் வேண்டாமல் வழிந்துகொண்டிருக்கும்.

பூட்டிய கதவுகளுக்கு நடுவே ஒரே ஒரு காம்பராவின் ஜன்னல் திறந்திருக்கும். அதன் கம்பியில் வெள்ளைப் பெட்டியொன்று சேலைக்கரைத் துணியால் கட்டப்பட்டிருக்கும். இன்டர்நெட் வருவது அந்தப் பெட்டியில். சிக்னல் பிடிப்பது அந்த ஒரு கம்பியில். வேறு எந்த மூலையில் வைத்தாலும் செத்துப்போகும். ஜொய்சி அதற்கு நேரே மேசை போட்டு உட்கார்ந்தால், பொழுது சாயும்வரை எழும்புவது தேத்தண்ணி ஊற்றிக்கொள்ளத்தான்.

அப்பா அந்தனி இந்தத் தோட்டத்தில் பால் வெட்டியவர். அம்மா மரியம்மாவும் அப்படியே. இருவரும் இப்போது இல்லை. அண்ணன் டெனிஸ்டன் றப்பர் பெக்டரியில் வேலை. வாளிகளில் வந்து சேரும் பாலில் கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு, எவ்வளவு றப்பர், எவ்வளவு தண்ணீர் என்று பார்த்துச் சொல்வது அவன் பொறுப்பு. பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டவன். தங்கச்சி நிற்கக்கூடாது என்பதில் மட்டும் அவன் பிடிவாதம் பிடித்தான். தமிழ்ப் பாடசாலையில் உயர்தரம் முடித்து, அவிசாவளையில் கம்ப்யூட்டர் படித்து, கொழும்பில் வேலை கிடைத்து வெள்ளவத்தையில் ஒரு போர்டிங் அறைக்குப் போனாள் ஜொய்சி. கொரோனா வந்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியது. அம்மா படுக்கையில் விழுந்தாள். நிறுவனம், ‘அங்கிருந்தே செய்யுங்க’ என்றது. அம்மா போன பிறகும் யாரும் அவளைத் திரும்பி வரச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

கோயிலுக்குப் போனால், கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் குவைத்திலும் ஜோர்தானிலும் இருந்தார்கள். மிச்சப் பேருக்குக் கைப்பிள்ளை. பூசை முடிந்து வெளியே வரும்போது யாராவது கேட்பார்கள்:

“என்னா ஜொய்சி, இன்னும் அந்த டைப் அடிக்கிற வேலதானா?”

“ஆமாக்கா. அதேதான்.”

இதற்குமேல் சொல்ல அவளிடம் நிறைய இருந்தது. கேட்க அவர்களுக்கு நேரமில்லை.

அவளுடைய நிறுவனம் தோட்டங்களுக்கு ஆள்வரவும் வேலைக் கணக்கும் போடும் மென்பொருளைச் செய்து விற்கிறது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேரு’ என்று பெயர். கேட்ட கிலோ வந்தால் முழுப்பேரு, குறைந்தால் அரைப்பேரு. யாருக்கு எந்தப் பேர் என்று தீர்மானிக்கும் நிரல் துண்டை எழுதியவர் அவுஸ்திரேலியாவுக்குப் போய்ப் பல வருடமாகிவிட்டது. அவர் இருந்த காலத்தில் ஒவ்வொரு தோட்டமும் ஒவ்வொரு சலுகை, ஒவ்வொரு விதிவிலக்குக் கேட்டது. கேட்கும்போதெல்லாம் ‘இப்படியானால் இப்படிச் செய்’ என்று ஒரு கிளையை அந்தத் துண்டின் வயிற்றுக்குள் செருகிவிட்டுப் போனார். கிளைக்குள் கிளை, அதற்குள் இன்னொரு கிளை. அவர் போன பிறகு அதற்குள் நுழைந்து உயிரோடு வெளியே வரத் தெரிந்தவள் ஜொய்சி மட்டுமே. ஆகவே எந்தத் தோட்டத்தில் எது பிசகினாலும் அவளுடைய போன் அடித்தது.

ஒருநாள் கூட்டத்தில், திரையில் தெரிந்த ஸ்ரீதரன் சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேச்சைத் தொடங்கினார். நிறுவனத்தில் நிரல் எழுதுகிறவர்களுக்கெல்லாம் தலைவர் அவர்.

“ஜொய்சி, உங்களுக்குக் காய்ச்சல் வந்தா நம்ம சிஸ்டத்துக்கும் காய்ச்சல் வருது. இது சரிவராது. முழுசா அளந்து பாருங்க. எது மோசமோ அத மொதல்ல பிரிச்சுத் திருத்தி எழுதுங்க. செய்ற வேல மாறக்கூடாது, உள்ளுக்கு மட்டும் சுத்தமாகணும். முடிஞ்சதும் நுஸ்கா பாத்துக்கட்டும்.”

நுஸ்கா புதிதாகச் சேர்ந்த பிள்ளை. மாவனெல்லைக்காரி, தெஹிவளையில் போர்டிங். திரையின் மூலையிலிருந்து கையை ஆட்டினாள்.

“அப்ப எனக்கு, சேர்?” என்றாள் ஜொய்சி.

“உங்களுக்கா? இன்னும் பழசு எவ்வளவு கெடக்கு! அடுத்தத அளக்கலாம்.”

வேலை போகாது. அது அவளுக்குத் தெரியும். ஆனால் அடுத்தது என்பது யாரும் தொடாத, யாரும் கேட்காத வேறொரு பழைய நிரல். இந்த ஒன்றினால்தான் பகலில் யாராவது அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அன்று சாயந்திரம் டெனிஸ்டன் வந்து, கையிலிருந்த அமிலவாடை போகச் சவர்க்காரம் போட்டுக்கொண்டே கேட்டான்.

“அளக்குறதுன்னா எப்புடி அளப்ப? கோடு போட்டா?”

“அதுக்கு ஒரு சொஃப்ட்வெயார் இருக்குண்ணே. நிரல உள்ளுக்குக் குடுத்தா, எத்தன எடத்துல வழி பிரியுதுன்னு எண்ணிச் சொல்லும். இப்ப, நம்ம வாசல்ல இருந்து பால் ஸ்டோருக்குப் போக எத்தன எடத்துல பாதை பிரியுது?”

“குறுக்கு வழியயும் சேத்தா?”

“சேத்துத்தான்.”

“நாலு. இல்ல, அஞ்சு. சுப்பம்மாவோட மரவள்ளிக்குள்ள பூந்து போனா ஆறு.”

“இந்தப் பேரு போடுற நிரல்ல எழுவத்தி நாலுண்ணே.”

டெனிஸ்டன் சவர்க்காரத்தைக் கீழே வைத்தான். “அப்ப வெட்டுன பாலு ஸ்டோருக்கே வந்து சேராது.”

“வந்து சேருது. எப்புடி வருதுன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும்.”

அவனுக்கு அது போதும். அடக்க முடியாத பெருமை. தங்கள் தோட்டத்துக்குப் பேர் போடுவதும் அதே மென்பொருள்தான் என்று அவள் எப்போதோ சொல்லியிருந்தாள். அடுத்த நாளே பீலியடியில் வாளியைத் தூக்கிக்கொண்டு அவன் சொன்னது லயம் முழுக்கப் பரவியது: “தெரியுமா, நமக்கெல்லாம் பேரு போடுறதே என் தங்கச்சிதான். இந்த ஜன்னல்ல உக்காந்து.”

ஜொய்சி முழு மென்பொருளையும் அளந்தாள். எண்ணைப் பார்த்தவுடன் கத்தியைத் தூக்குகிறவள் அல்ல அவள். வேலையில் சுத்தமானவள். எந்தத் துண்டு சிக்கலானது என்று முதலில் பார்த்தாள். பிறகு, எந்தத் துண்டில் மாதாமாதம் யாராவது கை வைக்கிறார்கள் என்று பழைய மாற்றப் பதிவுகளைப் புரட்டினாள். சிக்கலாக இருந்தாலும் வருடக்கணக்காக யாரும் தொடாமல் ஒழுங்காக ஓடுகிறவற்றைத் தூங்கட்டும் என்று விட்டாள். சிக்கலாகவும் இருந்து, அடிக்கடி கை படுவதாகவும் இருந்ததில் முதலாவதாக நின்றது அந்த எழுபத்திநாலுதான். பராமரிக்க எவ்வளவு எளிது என்று அந்த அளவுகோல் மென்பொருள் அதற்கு நூற்றுக்குப் போட்டிருந்த புள்ளி, பள்ளிக்கூடத்தில் வாங்கினால் வீட்டில் காட்ட முடியாத புள்ளி.

பழைய மாதங்களின் கணக்கை, மழை மாதமும் வெயில் மாதமுமாகத் தன் மடிக்கணினியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஒரு கிளையைப் பிரித்து எழுதியதும் அந்த மாதங்களைத் திரும்ப ஓட்டிப் பார்ப்பாள். ஒரு பேர் மாறினாலும் விடமாட்டாள். பெரிய துண்டு சிறிய சிறிய துண்டுகளாயிற்று. ஒவ்வொன்றும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்படி செய்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்தாள். எழுபத்திநாலு இறங்கி இறங்கி வந்தது. கடைசியில் எந்தத் துண்டும் ஆறுக்கு மேல் இல்லை. அளவுகோல் மேலிருந்து கீழ்வரை பச்சை காட்டியது.

“சூப்பர்!” என்று ஸ்ரீதரன் சேர் எழுதி அனுப்பினார். டெனிஸ்டன் அதைப் போனில் பெரிதாக்கி இரண்டு முறை பார்த்தான்.

பச்சை காட்டிய பிறகும் நுஸ்கா ஜொய்சிக்குப் போன் எடுத்தாள். அடுத்த நாளும் எடுத்தாள்.

“அக்கா, நேரமிருக்கா? இந்த ‘ஒட்டுப்பால்தனி’ எண்டா என்ன?”

“சிரட்டையில ஒட்டிக் காஞ்சிருக்கும்ல, அந்த றப்பர். அதத் தனியா நிறுப்பாங்க நுஸ்கா.”

“சிரட்டை எதுக்கு?”

“பாலு விழத்தான்! மரத்துல கட்டியிருக்குமே, பாத்ததே இல்லியா?”

“பஸ்ஸில போகக்கொள்ள பாத்தீக்கன். தேங்கா சிரட்டைய மரத்தில ஏன் கட்டி வெச்சீக்காங்கண்டு உம்மாக்கிட்டயும் கேட்டன். அவவுக்கும் தெரியா.”

ஜொய்சி சிரித்தாள். அந்தக் காம்பராவில் பகல் வேளையில் சிரிப்புச் சத்தம் கேட்பது அபூர்வம். பேச்சு சிரட்டையிலிருந்து நுஸ்காவின் போர்டிங் சோற்றுக்குப் போனது. அங்கிருந்து அவளுக்குப் பார்க்கிற மாப்பிள்ளைக்கு. மாப்பிள்ளை கட்டாரில் லிஃப்ட் திருத்துகிறவராம். “அவர் மேல போறாரா கீழ வாராரா எண்டே தெரியுதில்லக்கா” என்றாள் நுஸ்கா. வேலைக் கேள்விக்கு ஒரு நிமிடம் போனால், மற்றதற்கு அரை மணி நேரம் போகும். ஜொய்சி மத்தியானச் சோற்றை அந்தப் பேச்சுக்காகத் தள்ளிவைக்கப் பழகினாள்.

ஒருநாள் நுஸ்கா விளையாட்டாகச் சொன்னாள்.

“அக்கா, நம்பர் எல்லாம் பச்சைதான். ஆனா ஒவ்வொரு பேருக்கும் ஒங்களத்தான் கேக்கோணும். இங்கிலீஷ் எழுத்தில எழுதியீக்கு, வாசிக்கேலும், ஆனா வெளங்குதில்ல. ஒங்கட ஊட்டுப் பாஷையா இது?”

போனை வைத்துவிட்டு ஜொய்சி திரையை மேலிருந்து கீழே பார்த்தாள். அரைப்பேரா. ஒட்டுப்பால்தனி. பால்கழுவிருச்சா. கைக்காசு. ஆங்கில எழுத்தில் லயத்துப் பேச்சு. அவளுக்கு அவை பெயர்களாகவே படவில்லை, பொருட்களாகவே தெரிந்தன. பால்வெட்டுக்காரர்கள் நடுவில் பிறந்து வளர்ந்தவளுக்கு, ‘பால் கழுவிருச்சு’ என்றால் புரியாத மனிதர் உலகத்தில் இருப்பார் என்ற எண்ணமே வந்ததில்லை. வழிகள் எத்தனை என்று எண்ணத் தெரிந்த அளவுகோலுக்கு, வழியில் வைத்த பலகை யாருக்குப் புரியும் என்று பார்க்கத் தெரியாது.

மாற்றிவிடலாம். பெயர்களை எல்லாருக்கும் புரிகிற மாதிரி வைத்து, தலைக்கு மேல் இரண்டு வரி விளக்கம் எழுதினால் முடிந்தது. ஒரு வாரம்கூடப் பிடிக்காத வேலை. விரலை எழுத்துப்பலகையில் வைத்தாள்.

வைத்த விரல் அப்படியே நின்றது. இதைச் செய்து முடித்தால் நாளைக்கு நுஸ்கா எதைக் கேட்கப் போன் எடுப்பாள்?

நாளைக்குச் செய்யலாம் என்று மூடினாள். நாளைக்கும் அப்படியே நினைத்தாள். ஒவ்வொரு நாளும் நுஸ்கா எடுத்தாள், ஒவ்வொரு நாளும் ஜொய்சி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள், பெயர்கள் இருந்தபடி இருந்தன.

வைகாசி மழை பிடித்துக்கொண்டது. இந்தப் பக்கத்து மழை கேட்டு வருவதில்லை. மேலே மலையில் கறுத்தால் கீழே ஆற்றில் சத்தம் மாறும். ஒரு மத்தியானம் லயத்துக்குப் பின்னாலிருந்த பலா மரம் கரண்டு கம்பியோடு சாய்ந்தது. கரண்டு இல்லை. வெள்ளைப் பெட்டியின் விளக்குகள் அணைந்தன. போனில் ஒரு கோடு சிக்னலும் இல்லை. பாதையைச் சுத்தம் செய்ய வந்த சிங்கள வேலையாள், “நங்கி, தவ தவஸ் கீபயக் யாவி” என்றுவிட்டுக் கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். இன்னும் சில நாள் ஆகுமாம். ஜொய்சி திரையில்லாத மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, தகரத்தில் மழை அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தன்னைத் தேடுவார்களே என்று கவலையாக இருந்தது. தேடுவார்கள் என்பது கொஞ்சம் இதமாகவும் இருந்தது.

தேடத்தான் செய்தார்கள். ஒரு தோட்டம் கேட்கும் கிலோவை மாற்றியிருந்தது. அதை உடனே போடவேண்டும். நுஸ்கா ஜொய்சிக்குப் போன் எடுத்துப் பார்த்தாள், போகவில்லை. ஸ்ரீதரன் சேர் அவசரப்படுத்தினார். நுஸ்கா தானே உள்ளே போனாள். கிலோவைச் சரியாக மாற்றினாள். அங்கேதான் ‘பால்கழுவிருச்சா’ என்ற துண்டு அவள் கண்ணில் பட்டது. என்னவென்று தெரியவில்லை. மாசி மாதக் கணக்கைப் போட்டுப் பார்த்தாள், அந்தத் துண்டு ஓர் இடத்திலும் வேலை செய்யவில்லை. எடுத்துவிட்டுப் பார்த்தாள், ஒரு பேரும் மாறவில்லை. அளவுகோலில் ஆறு ஐந்தாயிற்று. யாரோ விட்டுப்போன குப்பை என்று நினைத்தாள். எண்ணைக் குறைக்கவேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் ஜொய்சிதான்.

மாசி மாதம் காய்கிற மாதம். அந்தத் துண்டுக்கு வேலை மழையில்.

கரண்டு வந்தது. ஜொய்சி திரும்ப உட்கார்ந்தாள். “கிலோ மாத்திட்டன்க்கா, எல்லாம் ஓகே” என்று நுஸ்கா சொன்னதும் சந்தோஷப்பட்டாள். என்ன மாற்றினாள் என்று வரிவரியாகப் பார்க்கிறவள், அன்று பார்க்கவில்லை. நாலைந்து நாள் பேசாத பேச்சு அவ்வளவு சேர்ந்திருந்தது.

அடுத்த மாதம் சம்பளத் துண்டு கையில் கிடைத்த அன்று, வேலை விட்டு வந்த சுப்பம்மா நேரே டெனிஸ்டனின் இஸ்தோப்புத் திண்ணையில் ஏறினாள். மூன்று கதவு தள்ளி இருக்கிறவள். லயத்தில் அவளைவிட வேகமாகப் பால் வெட்டுகிறவர் இல்லை, அவளைவிட வேகமாகப் பேசுகிறவரும் இல்லை. அவள் பின்னால் இன்னும் நாலைந்து பேர்.

“டெனிஸ்டன்! ஒந் தங்கச்சிய வரச்சொல்லு. நமக்கெல்லாம் பேரு போடுற மகராசிய.”

“என்னாத்தே, என்னா விசயம்?” ஜொய்சி வெளியே வந்தாள்.

“விசயமா? மழைக்கு முந்தி மரத்துக்கு மரம் வெட்டி முடிச்சேன். கங்காணி சாட்சி. அதுக்குப் பொறகு கொட்டுன மழையில சிரட்டையெல்லாம் கழுவிருச்சு. அதுக்கு நானா பொறுப்பு? வெட்டுன கைக்கு முழுப்பேரு போடுறதுதானே எப்பவும் வழக்கம். இந்தா பாரு, அரைப்பேரு. அத்தன மழைக்கும் அரைப்பேரு. ஓங் கம்ப்யூட்டருக்கு மழையில நனஞ்சு பழக்கமில்லியோ?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பில் கோபம் இருந்தது.

டெனிஸ்டன் முன்னால் வந்தான். “அத்தே, அது ஆப்பீசுல எதாச்சும்…”

“நீதானேடா சொன்ன, இந்த ஜன்னல்ல உக்காந்து போடுறான்னு? முழுப்பேரு வந்தப்ப ஒந் தங்கச்சி, அரைப்பேரு வந்தா ஆப்பீசா?”

ஜொய்சிக்கு ‘கழுவிருச்சு’ என்ற சொல் காதில் விழுந்ததுமே எல்லாம் விளங்கிவிட்டது. சுப்பம்மா இன்னும் பேசிக்கொண்டிருக்க, அவள் உள்ளே போய் மாற்றப் பதிவைத் திறந்தாள். மழை பெய்த அந்த நாட்களில் ஒன்று. நுஸ்காவின் பெயர். எடுக்கப்பட்ட வரிகள் சிவப்பில் இருந்தன. ஒவ்வொரு வரியும் அவள் எழுதியது, அவள் சொல்லில்.

வெளியே வந்தாள். “அத்தே, பெழ எங்க பக்கந்தான். இன்னக்கே சொல்லி மாத்துறேன். கொறஞ்ச பேரெல்லாம் திரும்ப வரும்.”

“வருமா?”

“வரும். எல்லாத் தோட்டத்துக்கும்.”

சுப்பம்மா அவளை ஒரு தரம் பார்த்தாள். குரல் இறங்கியது. “நீ அந்தனி மக. அந்த மனுசன் வெட்டுன பாலு கழுவிப்போயி எத்தன நாளு இதே வாசல்ல ஒக்காந்திருப்பாரு. ஒனக்குத் தெரியாததா.”

அதற்குத் திட்டியதே மேலாக இருந்தது.

திருத்தம் அன்றே போனது. விட்டுப்போன பேர்கள் எந்தெந்தத் தோட்டத்தில், யார் யாருக்கு என்று எடுத்து அனுப்பினாள். மறுநாள் கூட்டத்தில் ஸ்ரீதரன் சேர் கடுகடுத்தார்.

“நுஸ்கா, தெரியாத ஒண்ண எப்படி எடுப்பீங்க? கேக்கத் தெரியாதா?”

நுஸ்கா தலையைக் குனிந்திருந்தாள். திரையில் அவள் நெற்றி மட்டும் தெரிந்தது.

“சேர், அந்தப் புள்ள கேக்கப் பாத்தா. நான் கெடைக்கல” என்றாள் ஜொய்சி. “என்னக் கேக்காம வெளங்காத மாதிரி எழுதி வெச்சது நான். சரிபாக்குற மழை மாசக் கணக்கயும் என் மெசின்லயே வெச்சிக்கிட்டேன். அது எல்லாருக்கும் பொதுவா இருந்திருந்தா, எடுத்த ஒடனே செவப்பு காட்டியிருக்கும்.”

“நம்பரெல்லாம் பச்சையாத்தானே இருந்துச்சு?”

“இருந்துச்சு சேர். நம்பர் மட்டுந்தான்.”

பெயர்கள் மற்றவர்களுக்குப் புரியவில்லை என்று தெரிந்தும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டதை அவள் அங்கே சொல்லவில்லை. அதைச் சொல்ல ஒரு கூட்டமும் போதாது.

அன்றைக்கே தொடங்கினாள். நினைத்ததுபோல அது ஒரு வார வேலையாக இருக்கவில்லை. பால் கழுவிருச்சு என்பதை, மரத்தில் சிரட்டை ஏன் கட்டுகிறார்கள் என்று தெரியாத ஒரு பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? ‘மழை’ என்று மட்டும் வைத்தால் பிழை. வெட்டுவதற்கு முன் பெய்த மழைக்கு அன்று வெட்டே கிடையாது, வேறு வேலைக்குப் போவார்கள். இது வெட்டி முடித்து, பாலைச் சேர்ப்பதற்கு முன் பெய்த மழை. எழுதினாள், அழித்தாள். கடைசியில் பெயரை ‘வெட்டியபின் மழை’ என்ற பொருள் வரும்படி ஆங்கிலத்தில் வைத்தாள். அதன் தலைக்கு மேல் எழுதினாள்: வெட்டுக்காரர் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டார், பால் சிரட்டையில் இருந்தபோது மழை அதை அடித்துக்கொண்டு போனது, கிலோ குறைந்தாலும் அவருக்கு முழு நாள். வெயில் மாதங்களில் இந்தத் துண்டு சும்மா இருக்கும், எடுத்துவிடாதீர்கள்.

இப்படி ஒவ்வொன்றுக்கும். சில சொற்களுக்கு விளக்கம் எழுதும்போது அப்பாவின் கை கண்ணில் வந்தது, அழுகிய றப்பர் வாடையோடு. அதையெல்லாம் எழுத அங்கே இடமில்லை. தேவையானதை மட்டும் எழுதினாள். மழை மாதக் கணக்கைப் பொது இடத்தில் போட்டு, யார் எதை மாற்றினாலும் அந்த மாதங்கள் தானாக ஓடி, ஒரு பேர் பிசகினாலும் நிறுத்தும்படி செய்தாள்.

முடித்ததும் அளவுகோலை ஓட்டினாள். அதே ஆறு. சிக்கல் எண் ஒன்றும் குறையவில்லை. டெனிஸ்டன் எட்டிப் பார்த்தான்.

“இவ்வளவு நாளு முறிஞ்சு வேல செஞ்சும் நம்பரு அங்கயே நிக்கிது?”

“அது அங்கயேதாண்ணே நிக்கும்.”

“அப்ப நல்லாருக்குன்னு எத வெச்சுத் தெரியும்?”

பதில் அவளுக்குத் தெரியும். நுஸ்காவைக் கூப்பிட்டாள்.

“நுஸ்கா, மொதல்ல இருந்து வாசி. நான் லைன்ல இருக்கேன், ஆனா வாயத் தொறக்க மாட்டேன்.”

“இப்பயும் கோவமாக்கா?”

“இல்லம்மா. வாசி.”

நுஸ்கா வாசித்தாள். “ம்” என்றாள். கொஞ்சம் கழித்து இன்னொரு “ம்”. பிறகு, “ஓ… அதுக்குத்தானா சிரட்டை!” என்றாள் தனக்குத்தானே. ஜொய்சி உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்திருந்தாள். ஓர் இடத்தில் நுஸ்கா நெடுநேரம் நின்றாள். ஜொய்சி அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு திருத்தி எழுதினாள். மற்றபடி ஒரு கேள்வியும் வரவில்லை. வாசித்து முடித்துவிட்டு, “அக்கா, எல்லாம் வெளங்கிட்டு” என்றாள் நுஸ்கா. அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

அதற்குப் பிறகு போன்கள் குறைந்தன. வாரத்துக்கு ஒன்று என்றாகி, அதுவும் நின்றது. நுஸ்கா கெட்டவள் இல்லை, மறந்தவளும் இல்லை. அவளுக்கு வேலை கூடியிருந்தது, கூட வேலை செய்ய ஆட்கள் வந்திருந்தார்கள். கேட்க ஒன்றும் இல்லாதபோது எந்தச் சாக்கில் எடுப்பாள்? ஜொய்சி அடுத்த பழைய நிரலை அளக்கத் தொடங்கினாள். அது களஞ்சியச் சாமான் கணக்கு. அதை எழுதியவர் யாரென்றே நிறுவனத்தில் ஒருவருக்கும் நினைவில்லை.

ஐப்பசியில் மழை திரும்ப வந்தது. ஒரு மத்தியானம் பழக்கத்தில் மாற்றப் பதிவைத் திறந்தாள். நுஸ்கா முந்தாநாள் ஒரு மாற்றம் செய்திருந்தாள். கொடகவெல பக்கத்துத் தோட்டமொன்று, வெட்டியபின் மழை பெய்த நாட்களில் ஒட்டுப்பாலையும் சேர்த்துக் கணக்கிடச் சொல்லிக் கேட்டிருக்கிறது. சரியான துண்டில், சரியான இடத்தில், மூன்றே வரி. மழை மாதங்கள் தானாக ஓடித் தேறியிருந்தன. தலைக்கு மேலிருந்த விளக்கத்திலும் ஒரு வரி சேர்த்திருந்தாள் நுஸ்கா, ஜொய்சி எழுதியிருக்கக்கூடிய அதே மாதிரி.

ஜொய்சி அந்த மூன்று வரியையும் திரும்பத் திரும்ப வாசித்தாள். திருத்த ஒன்றுமில்லை. முந்தாநாள் முழுக்க மேசைமேல் போன் அவள் பக்கத்திலேயே கிடந்தது, அடிக்கவில்லை.

போனை எடுத்து நுஸ்காவுக்குப் போட்டாள்.

“அக்கா! பஸ்ஸில ஈக்கன், சத்தமா ஈக்கு. எதாவது பெழையா?”

“இல்ல இல்ல. நல்லாருக்கு. அதச் சொல்லத்தான்…”

“கேக்குதில்லக்கா! அவசரமா?”

ஜொய்சி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “அவசரமில்ல நுஸ்கா.”

“அப்ப பொறகு எடுக்கிறன்க்கா!”

பொழுது சாய்ந்து டெனிஸ்டன் வந்தபோது அவள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“என்னா, மொகம் ஒரு மாதிரி? அந்தக் கொழும்புப் புள்ளயோட சண்டையா?”

“சண்டையில்லண்ணே. அந்தப் பேரு போடுற நிரல அவளே மாத்தியிருக்கா. என்னக் கேக்கவேயில்ல. சரியா இருக்கு.”

டெனிஸ்டன் கோப்பையைக் கையில் வைத்தபடி யோசித்தான். பிறகு அவன் முகம் மெல்ல விரிந்தது. தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு பீலியடிக்குப் போனான். சுவருக்கு இந்தப் பக்கம் ஜொய்சிக்கு அவன் குரல் கேட்டது.

“சுப்பம்மாத்தே, தெரியுமா? என் தங்கச்சி செஞ்ச வேல, இப்ப அவளயே கேக்காம ஓடுது. கொழும்புல இருக்குற புள்ளைங்க அவங்களே பாத்து அவங்களே மாத்துறாங்க. ஒரு வார்த்த கேக்கத் தேவையில்ல. அவ்வளவு சுத்தமா செஞ்சு குடுத்திருக்கா.”

இந்த முறை அவன் சொன்னதில் ஒரு சொல்லும் கூடவில்லை, குறையவில்லை.

“நல்லதுதான்” என்றது சுப்பம்மாவின் குரல். “அப்ப இனிமே ஒந் தங்கச்சிகிட்ட யாரு பேசுவா?”

ஜொய்சி கோப்பையைக் கீழே வைத்தாள். அண்ணன் என்ன சொல்லப்போகிறான் என்று அவளும் காத்திருந்தாள். பீலித் தண்ணீர் வாளியில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. வாளி நிறைந்தது. வழிந்தது.